டிவி இழுத்த கரண்டு

லாண்டரியில் அவளை எல்லோரும் மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் தேய்த்த கால்சட்டையின் மடிப்பில் வெங்காயம் நறுக்கலாம் என்பது அங்கே வெகுகாலமாக ஓடும் வேடிக்கை. ஓட்டல் விரிப்புகளும் ஆஸ்பத்திரி உடுப்புகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். எல்லாவற்றையும் நின்றுகொண்டே தேய்த்து முடித்து அவள் வீடு திரும்பும்போது, கால் இரண்டும் யாரிடமோ இரவல் வாங்கி வந்தவை போலிருக்கும். முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒரு டம்ளர் டீயோடு நாற்காலியில் சாய்ந்து, கால்களை முக்காலியில் நீட்டி டிவியைப் போட்டால்தான் அவளுக்கு அந்த நாள் முடிந்ததாக அர்த்தம்.

அந்த டிவி அவள் போனஸில் வாங்கியது. கடையில் விற்பனையாள் அவள் புருஷனைப் பார்த்து, "எந்த சைஸ் வேணும் சார்?" என்று கேட்டபோது, "என்னைக் கேக்காதீங்க, முதலாளி அவங்கதான்" என்று அவன் அவளைக் கைகாட்டினான். அவன் டவுன் பஸ் டிரைவர். தெருவில் அவனுக்கு டிரைவர் என்றே பெயர். அன்றைக்கு அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காகவே அவள் கொஞ்சம் பெரிய டிவியாகப் பார்த்து எடுத்தாள்.

அவள் பார்த்தது டென்னிஸ். முதல் தடவை அதன் முன்னால் உட்கார்ந்தது உடுப்புக்காக. வெள்ளைவெளேரென்று, மடிப்புக் கலையாத குட்டைப் பாவாடையில் ஒரு பெண் ஓடியாடிப் பந்தடித்துக்கொண்டிருந்தாள். 'இதை எவ தேச்சாளோ, கெட்டிக்காரி' என்று பார்க்க ஆரம்பித்தவள் ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. போகப்போக ஆட்டமும் பிடிபட்டது. பதினைந்து, முப்பது என்று ஏறுகிற எண்ணிக்கை அடுத்து நாற்பத்தைந்துக்குப் போகாமல் ஏன் நாற்பதில் நிற்கிறது என்பது மட்டும் பிடிபடவே இல்லை. "நடுவுல எவனோ அஞ்சை முழுங்கிட்டான்" என்பாள். டிரைவர் சிரிப்பான். "பந்து எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல. நீ என்னடான்னா நகத்தைக் கடிச்சுக்கிட்டு இருக்கே" என்பான்.

அவர்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரு காலத்தில் ஒரே வீடு. மாமனார் போன பிறகு நடுவில் சுவர் எழுப்பி அண்ணனும் தம்பியும் ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் டிரைவரின் அண்ணன், ஐஸ்காரர். மீன் கடைகளுக்கும் ஜூஸ் கடைகளுக்கும் ஐஸ் கட்டி போடுகிற வியாபாரம். அவருடைய மனைவியை அவள் அக்கா என்று கூப்பிடுவாள். ஓரகத்திகள் என்றால் எலியும் பூனையுமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாதே. இவர்கள் இருவரும் சுவருக்கு மேலே கிண்ணங்கள் கைமாற்றிக்கொண்டு நன்றாகத்தான் இருந்தார்கள்.

கரண்டு பில் முதல் தடவை எகிறியது டிவி வாங்கிய சில மாதங்களிலேயே. அவள் அதை இரண்டு முறை படித்துவிட்டுப் புருஷனிடம் நீட்டினாள். வேறு வீட்டு பில் மாறி வந்துவிட்டதோ என்றுதான் நினைத்தாள். அவன் வாங்கிப் பார்த்தான். நாலாக மடித்தான். பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்.

"இது உன் டிவி வேலை."

"டிவியா? டிவி இவ்வளவா இழுக்கும்?"

"பின்ன? சின்ன வண்டி குடிக்கிற டீசலும் பஸ்ஸு குடிக்கிற டீசலும் ஒண்ணா? பெரிய டிவி வாங்கினல்ல, அதுக்கேத்த மாதிரி இழுக்கத்தான் செய்யும்."

இஞ்சின், டீசல், பாட்டரி என்று வந்துவிட்டால் அவன் சொல்வதுதான் அவளுக்கு வேதவாக்கு. வருஷக்கணக்காக வண்டி ஓட்டுகிறவனுக்குத் தெரியாததா? "அப்ப நான் கொஞ்சம் குறைச்சுக்கறேன்" என்றாள். அதோடு அவன் விட்டிருக்கலாம். "நீதான் பாக்கறே. இனிமே கரண்டு பில்லை நீயே கட்டிடு. மத்ததையெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றான். அதுவும் அவளுக்கு நியாயமாகவே பட்டது.

முதலில் சத்தத்தைக் குறைத்தாள். அடுத்து வெளிச்சத்தைக் குறைத்தாள். மேகம் கவிந்த மாதிரி இருட்டுக்குள் ஆட்டக்காரர்கள் பந்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பில் குறையவில்லை. கடைசி ஆட்டங்களை மட்டும் பார்ப்பது என்று வைத்துக்கொண்டாள். அதற்கும் குறையவில்லை. டிவியை அணைத்த பிறகும் அதன் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி எரிகிறதே, அதுதான் திருடுகிறது என்று டிரைவர் கண்டுபிடித்துச் சொன்னான். "அந்தப் புள்ளி எரிஞ்சாலே பாதி டிவி ஓடுறதுக்குச் சமம்" என்றான். அவள் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். புருஷனுடைய யூனிஃபார்மைக்கூட வீட்டில் தேய்க்காமல் பையில் போட்டு லாண்டரிக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில் தேய்த்து எடுத்து வந்தாள். பில் மட்டும் அசையாமல் நின்றது, பிடிவாதக்காரப் பிள்ளை மாதிரி.

கடைசியில் ஒரு நாள், நன்றாகத் தேய்த்த வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்து டிவியை மூடிவிட்டாள். ஓரங்களைச் சரியாக இழுத்துவிட்டு, மூலையை மடித்துச் செருகினாள். டிரைவர் வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பரவாயில்லையே, உன்னை மாதிரி சிக்கனக்காரி யாருக்குக் கிடைப்பா" என்றான்.

அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மகள் வெளியூரில் நர்ஸ் படிப்புப் படித்துக்கொண்டு விடுதியில் இருந்தாள். விடுமுறைக்கு வந்தவள் மூடிக் கிடந்த டிவியைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இதுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். பில்லைப் பற்றிச் சொன்னால் பிள்ளை படிப்புச் செலவை நினைத்துக் கவலைப்படுவாள் என்று, "கண்ணு எரியுதுடி, அதான் பாக்கறதில்ல" என்றாள். மகள் ஒன்றும் சொல்லாமல் அடுக்களைக்குள் போனாள்.

செய்தி சுவரைத் தாண்டிப் போக எவ்வளவு நேரமாகும்? ஒரு மாலை ஓரகத்தி எட்டிப் பார்த்து, "ஏன் இருட்டுல உக்காந்திருக்கே? டிவி பாக்கணும்னா நம்ம வீட்டுக்கு வாயேன். ரெண்டு பேரும் சேந்து பாத்த மாதிரியும் இருக்கும்" என்றாள்.

"உங்களுக்கு எதுக்குக்கா சிரமம்?"

"சிரமம் என்ன சிரமம்! ஓடுற டிவி ஒருத்தர் பாத்தாலும் ஓடும், ஒம்பது பேர் பாத்தாலும் ஓடும். வா."

அவள் போனாள். வெறுங்கையோடு போய் உட்கார வெட்கப்பட்டு, போகும்போதெல்லாம் ஒரு பிஸ்கட் பொட்டலமோ நாலு பழமோ வாங்கிப் போனாள். அங்கே குளுகுளுவென்றிருந்தது, அறையில் ஏசி போட்டிருந்தார்கள். பின்கட்டில் இரண்டு பெரிய ஐஸ் பெட்டிகள் ம்ம்ம் என்று உறுமிக்கொண்டிருக்கும். ரிமோட் ஓரகத்தியின் மடியில் இருக்கும். அவளுக்குத் தொடர் நாடகம்தான் பிடிக்கும். ஒரே ஒரு தடவை மடிப்பக்கா தயங்கித் தயங்கி, "அக்கா, இன்னைக்கு ஒரு முக்கியமான ஆட்டம்..." என்று கேட்டபோது, ஓரகத்தி சேனலை மாற்றினாள்தான். ஆனால் பந்து நாலு தடவை அங்குமிங்கும் போவதற்குள், "இதென்னடி, வெறுமனே தட்டிக்கிட்டே இருக்காங்க. யார் யாரைக் கட்டிக்கப் போறாங்கன்னே தெரியல" என்று நாடகத்துக்கே திரும்பிவிட்டாள். மடிப்பக்கா சிரித்துக்கொண்டாள். அடுத்தவர் வீட்டுக் கரண்டில் பார்க்கும்போது நமக்குப் பிடித்ததைக் கேட்க வாய் வருமா?

ஒரு நாள் அவள் வாய்விட்டே கேட்டாள். "அக்கா, இத்தனை பெட்டி ஓடுது, ஏசி ஓடுது. உங்களுக்கு பில் எப்படிக்கா வருது?"

ஓரகத்தி டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அளவாத்தான் வருது. எதையும் பாத்து உபயோகிக்கணும், அவ்வளவுதான். உனக்குப் பழகல" என்றாள்.

இப்படியே இரண்டு வருஷம் போலப் போயிற்று.

அவள் கண்ணைத் திறந்துவிட்டது லாண்டரியில் பொத்தான் தைக்கிறவள். பொத்தான்காரி என்றே பெயர். வாய் கொஞ்சம் நீளம். டீ நேரத்தில் யாரோ கரண்டு பில்லைப் பற்றிப் புலம்ப, மடிப்பக்காவும் தன் பில்லைச் சொன்னாள். பொத்தான்காரி டீயை வாயிலிருந்து எடுத்தாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னாள்.

"வீட்டுல அரிசி மில்லு கில்லு வச்சிருக்கியா?"

"டிவிதான். இப்ப அதையும் பாக்கறதில்ல. இருந்தும் குறைய மாட்டேங்குது."

"டிவியா! எங்க வீட்டுல உன்னதைவிடப் பெரிய டிவி. என் மாமியார் காலையில போட்டா படுக்கப் போகும்போதுதான் அணைப்பாங்க. எனக்கு உன் பில்லுல கால்வாசி வருது. உன் டிவி இவ்வளவு கரண்டை இழுக்குதுன்னா, படம் காட்டுறதோட நிக்காம உனக்குச் சோறும் ஆக்கிப் போடணும்."

எல்லோரும் சிரித்தார்கள். தேய்ப்புப் பெட்டியைப் பழுது பார்க்க வந்திருந்த எலக்ட்ரீஷியனும் சிரித்துவிட்டு, "அந்தக்கா சொல்றது சரிதாங்க. டிவி ஒண்ணும் பெரிசா இழுக்காது. நீங்க கையில பிடிச்சிருக்கீங்களே இந்தப் பெட்டி, இது ஒரு மணி நேரம் தின்னுறதை வச்சு நாலு நாள் சாயங்காலம் டிவி பாக்கலாம். எதுக்கும் மீட்டரைப் பாக்கச் சொல்லுங்க" என்றான்.

மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது. அவள் மனதில் வந்தது அவ்வளவுதான். பாவம், இந்த மனுஷனும் தெரியாமல் டிவியைத் திட்டிக்கொண்டிருக்கிறாரே என்று புருஷன்மேல் இரக்கம்கூட வந்தது. அன்று மாலையே சொன்னாள்.

"என்னங்க, டிவி அவ்வளவெல்லாம் இழுக்காதாம். மீட்டர்லதான் கோளாறாம். ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா வந்து பாப்பாங்களாம்."

டிரைவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கை பாதியில் நின்றது.

"எவன் சொன்னான்?"

"லாண்டரிக்கு வந்த எலக்ட்ரீஷியன்."

"அவனுக்கு என்ன தெரியும்! மீட்டர்ல கை வச்சா வேற வினை வந்து சேரும். அந்த ஆபீஸ்காரங்க வீட்டுக்குள்ள வந்து அதை நோண்டி இதை நோண்டி, இல்லாத அபராதத்தையெல்லாம் போட்டுடுவாங்க. பேசாம இரு."

"அதுக்குன்னு எத்தனை நாளைக்கு..."

"இருன்னு சொல்றேன்ல!"

அவன் அவளிடம் குரலை உயர்த்துகிறவன் இல்லை. அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் மனசு அடங்கவில்லை.

அடுத்த வார விடுமுறை அன்று டிரைவர் காலை வண்டிக்குப் போன பிறகு, அவள் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்தாள். ஃபேன், விளக்கு, தண்ணீர் மோட்டார். ஃப்ரிட்ஜின் பிளக்கைக்கூடப் பிடுங்கினாள். மகளுடைய பழைய மேசை விளக்கின் வயரையும் விடவில்லை. பிறகு வாசல் பக்கம் போய் மீட்டரைப் பார்த்தாள். அதிலிருந்த சின்ன விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. சும்மா இருக்கிற வீட்டில் எதற்கு இந்த அவசரம்? கோளாறுதான் என்று உறுதி செய்துகொண்டாள். எதற்கும் மெயினையும் அணைத்துப் பார்த்துவிடுவோம் என்று பெரிய சுவிட்சைக் கீழே தள்ளினாள்.

சிமிட்டல் நின்றது.

அதோடு இன்னொன்றும் நின்றது. சுவருக்கு அப்பாலிருந்து ராப்பகலாகக் கேட்டுக்கொண்டிருந்த உறுமல். பழகிப்போன சத்தம் ஓய்ந்தால் காது அடைத்த மாதிரி இருக்குமே, அப்படி இருந்தது. 'கரண்டு போயிருக்கும்' என்று ஒரு கணம் நினைத்தாள். எதிர்வீட்டு மாடியில் பாட்டுச் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஓரகத்தியின் குரல் கேட்டது. அவள் பின்கட்டிலிருந்து முன்வாசலுக்குக் கத்தினாள்.

"ஏங்க! அவ மெயினை ஆஃப் பண்ணிட்டா போல! தம்பிக்கு போன் போடுங்க, சீக்கிரம்!"

மடிப்பக்கா சுவிட்சின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை. 'கரண்டு போச்சு' என்று ஓரகத்தி கத்தியிருந்தால்கூட அவள் இன்னும் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியாமல் நின்றிருப்பாள். மீட்டரையே மறுபடியும் சந்தேகப்பட்டிருப்பாள். 'தம்பிக்கு போன் போடுங்க' என்ற அந்த வார்த்தை எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

வீட்டுக்குள் அவளுடைய போன் அடித்தது. டிரைவர்தான். பின்னால் டிப்போவின் இரைச்சல்.

"மெயினை ஏன் அணைச்சே?"

அவள் நடுச்சுவரைப் பார்த்தாள்.

"கேக்குதா? போட்டுவிடு. வந்து பேசிக்கலாம். போட்டுவிடு மொதல்ல."

"நான் மெயினை அணைச்சது டிப்போவுல இருக்கற உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். போனில் அவனுக்குப் பின்னால் ஒரு பஸ் போகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் போனை வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஐஸ்காரர் வாசலில் வந்து நின்றார். மரியாதையான மனிதர், எப்போதும் குனிந்து பேசுவார்.

"என்னம்மா இது. உள்ள சரக்கு முழுக்க இருக்கு. இந்த வெயில்ல எல்லாம் தண்ணியாப் போயிடும்மா."

"போகட்டும் மாமா."

"கோவப்படாதேம்மா. பாக்கி கட்டலன்னு என் லைனை வெட்டிட்டாங்க. ஒரு மாசம் சமாளிக்கலாம்னுதான் தம்பி ஒரு வயர் இழுத்துக் குடுத்தான். அப்புறம் அப்படியே போயிடுச்சு. நாம என்ன வேத்து மனுஷங்களா? ஒரே வீடு. நடுவுல ஒரு சுவர், அவ்வளவுதானே."

"ஒரே வீடுன்னா என்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து ஓரகத்தி வந்துவிட்டாள். அழுதுகொண்டே வந்தாள். "பாவி, எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே. எங்க வீட்டுல உக்காந்து எத்தனை நாள் டிவி பாத்திருப்பே! அந்த நன்றி இல்லையா உனக்கு?"

மடிப்பக்கா அவளையே பார்த்தாள். பிஸ்கட் பொட்டலத்தோடு படியேறிப் போனது, நாற்காலி நுனியில் உட்கார்ந்தது, ரிமோட்டைக் கேட்கத் தயங்கியது எல்லாம் வரிசையாக வந்தன. அந்த டிவி ஓடியது அவள் கட்டிய காசில். அந்தக் குளிர்ச்சி அவள் நின்றுநின்று கால் வீங்கிய காசில். அவள் வீட்டு விளக்கெண்ணெயை எடுத்து அவள் தலையிலேயே தேய்த்துவிட்டு, உபகாரம் செய்தோம் என்று நன்றி கேட்கிறார்கள். திட்டவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனால், "பழக்கமில்லக்கா, பாத்து உபயோகிக்கத் தெரியல" என்று மட்டும்தான் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

டிரைவர் பாதி டூட்டியில் லீவு சொல்லிவிட்டு வந்தான். அதற்குள் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஐஸ் தண்ணீர் சாக்கடையில் ஓடத் தொடங்கியிருந்தது. அவன் மெயின் சுவிட்சைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், சுவிட்சைத் தொடவில்லை.

"எந்த இடத்துல?" என்று கேட்டாள்.

அவன் பீரோவை நகர்த்தினான். பின்னால் சுவரின் நிறத்திலேயே வர்ணம் பூசிய குழாய் ஒன்று மேலே போய், ஓட்டை வழியே அந்தப் பக்கம் இறங்கியது. அந்தச் சுவருக்கு அவனே லீவு போட்டு வர்ணம் அடித்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. என் புருஷன் எவ்வளவு பொறுப்பாக வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்று லாண்டரியில் போய்ப் பேசியிருந்தாள்.

"அண்ணன் இல்லன்னா நான் இல்ல. அப்பா போனப்புறம் என்னைப் படிக்க வச்சு, லைசென்ஸ் எடுத்துக் குடுத்தது அவர்தான். வந்து கையைப் பிடிச்சிக்கிட்டுக் கேட்டாரு. எப்படி முடியாதுன்னு சொல்றது?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ஒத்துக்கமாட்டேன்னு நெனச்சேன்."

"ஒத்துக்கிட்டிருப்பேன்" என்றாள். அது நிஜம். கஷ்டம் என்று கேட்டிருந்தால் திட்டிக்கொண்டாவது கொடுத்திருப்பாள். "கட்டிட்டும் போயிருப்பேன். எதுக்கு டிவி மேல பழியைப் போட்டீங்க?"

"அந்த நேரத்துல வாயில வந்துச்சு. அவ்வளவுதான். அப்புறம் மாத்த முடியல."

"நான் டிவியை மூடினப்ப நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க. சிக்கனக்காரின்னு சொன்னீங்க."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் பிஸ்கட்டு வாங்கிக்கிட்டு அங்க போயி உக்காந்து பாத்துட்டு வருவேனே. அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு? நிஜத்தைச் சொல்லுங்க. இன்னைக்காவது."

அவன் வெகுநேரம் யோசித்தான். நிஜத்தைச் சொல்ல வேண்டும் என்றுதான் யோசித்தான் போலிருக்கிறது.

"முதல் நாள் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு. சாப்பாடே இறங்கல" என்றான். "அப்புறம் பழகிடுச்சு."

அவன் பொய் சொல்லியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை பொய் சொன்னவன், தினமும் கஷ்டமாக இருந்தது என்று இன்னும் ஒரு பொய் சொல்லியிருக்கக் கூடாதா?

மாலையில் மகள் போன் செய்தாள். அப்பா பேசியிருப்பார் போலும். எடுத்த எடுப்பில், "அம்மா, விட்டுடும்மா. அப்பா பாவம். பெரியப்பா அப்ப எவ்வளவு கஷ்டத்துல இருந்தாங்க தெரியுமா?" என்றாள்.

"அது உனக்கு எப்படிடி தெரியும்?"

"அது வந்தும்மா..." என்று மகள் இழுத்தாள்.

"கண்ணு எரியுதுன்னு நான் சொன்னப்பவே உனக்குத் தெரியுமா?"

"அப்பாதான்மா சொல்ல வேணாம்னாங்க. உனக்குத் தெரிஞ்சா வீட்டுல சண்டை வரும்னு..." மகள் அழ ஆரம்பித்தாள். மடிப்பக்கா போனை மெதுவாக மேசைமேல் வைத்தாள். அண்ணனும் தம்பியும் பேசி வைத்துக்கொண்டதை மனசின் ஓர் ஓரத்தில் பொறுத்துக்கொண்டாள். ஓரகத்தியை நாலு வசவு வைதுவிட்டால் ஆறிவிடும். தான் பெற்றவள் அந்த மூடிய டிவிக்கு முன்னால் நின்று, அம்மா சொன்ன பொய்யைக் கேட்டுக்கொண்டு, பேசாமல் அடுக்களைக்குள் போனதுதான் ஆறுவதாக இல்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. பில் கட்டுகிறவளுக்கு மட்டும் தெரியவில்லை.

மறுநாள் அவள் லாண்டரி எலக்ட்ரீஷியனையே கூட்டிவந்து அந்த வயரை அறுக்கச் சொன்னாள். அறுத்து, ஓட்டையை அடைத்து, அதன் மேல் சிமெண்டும் பூசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள். டிரைவர் ஏணியைப் பிடித்துக்கொண்டான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாரம் சத்தமே இல்லை. பிறகு ஐஸ் பெட்டிகள் மறுபடியும் உறுமத் தொடங்கின. ஐஸ்காரர் பாக்கியை மொத்தமாகக் கட்டிவிட்டுச் சொந்த லைனை வாங்கிவிட்டார். கட்ட முடிந்திருக்கிறது. வேண்டிய அவசியம் இல்லாததால் கட்டவில்லை. அதற்குப் பிறகு அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. வெறுமனே சிரிப்பு வந்தது. சுவருக்கு மேலே கிண்ணங்கள் போய் வருவது நின்றுபோயிற்று. தெருவில் எதிர்ப்பட்டால் ஓரகத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள், தவறு செய்தவள் இவள் என்பதைப் போல.

அடுத்த பில் வந்தபோது டிரைவரே அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். "பாரு, எவ்வளவு குறைஞ்சிருக்கு. இனிமே இதை நானே கட்டறேன். நீ எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாரு" என்றான். விரிப்பையும் அவனே எடுத்து மடித்தான்; மடிப்பு கோணலாக இருந்தது. அவள் வாங்கித் திருத்தவில்லை.

டிவி ஓடியது. பெரிய போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பிடித்த ஆட்டக்காரிதான் ஆடினாள். அவள் உட்கார்ந்து பார்த்தாள், காலை நீட்டிக்கொண்டுதான் பார்த்தாள். ஆனால் பந்து கோட்டுக்குள் விழுந்ததா வெளியே விழுந்ததா என்று பார்க்க வேண்டிய நேரத்தில், அவளுடைய கண் பக்கத்தில் உட்கார்ந்திருந்த புருஷனிடம் போய்விட்டு வந்தது. வண்டி லேட் என்று அவன் சொன்னால், அவள் டிப்போவில் வேலை பார்க்கும் கண்டக்டரின் மனைவியிடம் பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டாள். காய் விலை ஏறிவிட்டது என்றால் மறுநாள் கடைக்காரரிடம் விசாரித்தாள். அவன் சொன்னது அநேகமாக எல்லாமே நிஜமாகத்தான் இருந்தது. அதனால் ஒன்றும் மாறவில்லை. நிஜம் என்று தெரிந்த பிறகும் அடுத்ததைச் சரிபார்க்கத் தோன்றியது. அவளுக்கே அது அலுப்பாக இருந்தது; லாண்டரியில் நின்று தேய்ப்பதைவிட அலுப்பு. முன்பெல்லாம் அவன் சொன்னதை அப்படியே எடுத்து உள்ளே வைத்துக்கொள்வாள். அது எவ்வளவு பெரிய சுகமாக இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

ஒரு மாலை ஆட்டத்தின் நடுவே அவன் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "மழை வரும் போலிருக்கு. கொடியில துணி கிடக்கு" என்றான்.

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். துணியைத் தொடாமல் முற்றத்தின் நடுவில் நின்று, முதலில் வானத்தை அண்ணாந்து பார்த்தாள்.